சுவடிப் புள்ளியும் திரைப் புள்ளியும்

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழிக் குளிரில், குன்னூரில் நிகழ்ந்த கருத்தரங்கு ஒன்றில் எம் மாணவி ஒருவர் கட்டுரை படித்தார். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் 'ஏட்டுச்சுவடிகளில் புள்ளியின்மை' என்பது. புள்ளியோடு எழுதிய சொற்களை இடப்பத்தியிலும், அவையே புள்ளியின்றி நின்றால் எவ்வாறு தோன்றும் என்பதை வலப்பத்தியிலும் அமைத்து, அழகிய பட்டியல் ஒன்று செய்திருந்தார். பல் – பல, கண் – கண, மண் – மண என அது நீண்டு சென்றது. 'கல்வி' என்னும் சொல்லில் லகர மெய்யின் புள்ளி போய்விடின் என்ன சொல்லாகும் என்பதைப் பட்டியலில் சேர்க்காமல் விட்ட அடக்கமும் அவரிடம் இருந்தது.

பட்டியல் சுவர்த்திரையில் விழுந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே இருக்கு? எதுக்கு ரெண்டு பத்தி?" என்றார். மாணவி தம் முன்னிருந்த மடிக்கணினியை நோக்கினார். "இல்லீங்க ஐயா, புள்ளி இருக்குங்க" என்றார். அவை சிரித்தது. சுவரில் எங்கும் புள்ளியைக் காணோம். பின்வரிசையில் இருந்த யாமும், தட்டச்சுப் பிழையைச் சரிபார்க்காமல் மேடை ஏறியது தவறு எனப் பலர் கேட்கக் கூறிவிட்டோம். மீதிக் கட்டுரையை அவர் தலை நிமிராமல் படித்து முடித்தார்.

மாலையில் அவருடைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தோம். இடப்பத்தியின் புள்ளிகள் அனைத்தும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பிழை மாணவியுடையது அன்று. காலையில் கணினியையும் படவீழ்த்தியையும் இணைத்து, "படம் வந்துவிட்டது, போதும்" என எழுந்து சென்றவர் யாமே. திரைகளை மேலாளும் மென்பொருள் பற்றித் தமிழ்த்துறையினராகிய யாம் கற்கத் தொடங்கியது அன்றுதான். அவ்வாறு கற்றதே இக்கட்டுரை.

புள்ளி என்பது தமிழ் எழுத்துக்கு அணிகலன் அன்று, அது இலக்கணம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் எனத் தொல்காப்பியர் விதித்தார். எகர ஒகரக் குறில்களும் அவர் காலத்தில் புள்ளி பெற்றன. மகரத்துக்கு உள்ளே இடும் புள்ளி பற்றியும் நூற்பா உண்டு. ஆய்தமோ முழுதும் புள்ளிகளாலேயே ஆனது. ஆயினும் ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஏட்டில் எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒரே வடிவின. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஏகார ஓகாரங்களை வேறுபடுத்திக் காட்டிய சீர்திருத்தம் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் வந்தது. 1842-இல் சீறாப்புராணத்தை அச்சேற்றிய செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரும், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரும், ஏட்டில் இல்லாத புள்ளியைப் பொருளறிந்து தாமே இட்டுக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது. அச்சு இவ்விடரைத் தீர்த்தது என்றே எண்ணியிருந்தோம். ஓலையில் தொலைந்த புள்ளி திரையில் மீண்டும் தொலையும் என எண்ணவில்லை.

அரபு எழுத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. கீழே ஒரு புள்ளி இட்டால் பா, மேலே இரண்டு இட்டால் தா, மூன்று இட்டால் ஸா, உடல் ஒன்றே. தொடக்ககாலத்துக் குர்ஆன் படிகளில் இப்புள்ளிகள் அருகியே காணப்படுகின்றன. பின்னரே அவை முறைப்படுத்தப்பட்டன. அரபுத் தமிழ் எழுதிய நம் முன்னோர், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்தனர். கி.பி. 940-இல் மறைந்த பாக்தாத்து அமைச்சர் இப்னு முக்லா இதற்கும் ஒரு படி மேலே சென்றார். நாணல் எழுதுகோலைத் தாளில் ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு, அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, ஏனைய எழுத்துக்களின் வளைவு அதற்கு இன்ன விகிதம் என அவர் வகுத்தார். எழுத்தைப் புள்ளிகளால் அளக்கும் இம்முறையைக் கணித்திரை செய்வோர் இன்று கண்டால், தம் குலத்து மூதாதை எனக் கொண்டாடுவர்.

கணித்திரை என்பது புள்ளிகளை நெருக்கமாக நட்ட ஒரு வயல். இவற்றைத் திரைப்புள்ளி என்போம். குறுக்கே 1366, நெடுக்கே 768 எனில் மொத்தம் 10,49,088 புள்ளிகள். இத்தொகையை 'ரெசல்யூஷன்' என வழங்குகின்றனர். தமிழில் பிரிதிறன் எனலாம். அருகருகே உள்ள இரண்டை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றல் என்பது அச்சொல்லின் பொருள். நம் மலையிலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. உதகைக்கு அருகே முத்தொரையில் 1970-இல் கோவிந்த் சுவரூப் தலைமையில் எழுந்த வானலைத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் நிலநேர்க்கோட்டு அளவாகிய ஏறத்தாழ 11 பாகைக்கு ஒத்திருந்தமையால், தொலைநோக்கியின் நெடிய அச்சு நிலவுலகின் சுழலச்சுக்கு இணையாக அமைந்தது. அத்துணைப் பெரிய கருவிக்கும் விண்ணின் நுண்ணிய வானலை மூலங்களைத் தனித்தனியே பிரித்துக் காண்பது எளிதாக இல்லை. ஆகவே நிலவைத் துணைக்கு அழைத்தனர். நிலவின் விளிம்பு ஒரு மூலத்தை மறைக்கும் கணத்தையும், அது மீண்டும் வெளிப்படும் கணத்தையும் அளந்து, அதன் இடத்தையும் பருமனையும் நுட்பமாகக் கணித்தனர். விண்ணில் ஒளிர்வது ஒன்றா இரண்டா என்னும் வினாவும், சுவரில் தெரிவது 'பல்'லா 'பல'வா என்னும் வினாவும் அடிப்படையில் ஒன்றே.

தமிழ் எழுத்துக்கு எத்தனை திரைப்புள்ளி வேண்டும்? விண்டோஸ் இயங்குதளம் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி எனக் கொள்கிறது. அக்கணக்கில் 12 பாயிண்டு எழுத்துக்குக் கிடைக்கும் மொத்த உயரம் 16 திரைப்புள்ளியே. அதற்குள் எழுத்தின் உடலும், மேலே புள்ளியும், புள்ளிக்கும் உடலுக்கும் இடையே வெற்றிடமும், கீழே உகர ஊகாரங்களின் வளைவுகளும் அடங்க வேண்டும். அகலத்திலும் நெருக்கடி உண்டு. ணகரத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். எத்தனை நெடுக்குக் கோடுகள்! ஆறு எனக் கொண்டால், ஆறு கோட்டுக்கு ஆறு புள்ளியும் இடைவெளிகளுக்கு ஐந்து புள்ளியுமாகப் பதினொன்றேனும் வேண்டும். அதற்குக் குறைந்தால் ணகரம் னகரமாகிவிடும், அல்லது கறுத்த திட்டாகிவிடும். ஆங்கில எழுத்துக்கு இவ்வளவு தேவை இல்லை. ஆங்கிலம் தெளிவாகத் தெரிகிறது என்பதால் தமிழும் தெரியும் என முடிவு செய்தல் கூடாது.

எம் மாணவியின் பட்டியல் 10 பாயிண்டில் இருந்தது. அவ்வளவில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு திரைப்புள்ளி. மடிக்கணினியில் அது தெளிவாகவே தெரிந்தது. அரங்கத்துப் படவீழ்த்தியோ பழையது. அதன் இயற்பிரிதிறன் 800-க்கு 600. இரு திரைகளிலும் ஒரே படம் தெரியும் 'டூப்ளிகேட்' முறையில் இணைத்திருந்தோம். கணினி 1366-க்கு 768 எனப் படத்தை அனுப்பிற்று. படவீழ்த்தி அதை மறுக்கவில்லை. தன் 800 புள்ளிக்குள் ஒடுக்கிக்கொண்டது. விகிதம் மாறாமல் ஒடுக்கினால் 800-க்கு 450 ஆகும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்குள் புகுந்தன என்பது பொருள். அதாவது மடிக்கணினியின் ஒரு புள்ளிக்குச் சுவரில் கிடைத்த இடம் ஒரு புள்ளியின் மூன்றில் ஒரு பங்கு. அப்பங்கு முழுதும் ஒரே புள்ளியில் விழுந்தாலும் கருமை மூன்றில் ஒன்றுதான். இரண்டு நான்கு புள்ளிகளின் எல்லையில் விழுந்து பங்கிடப்பட்டால் அதுவும் இல்லை. சன்னல் வழியே மலை வெளிச்சம் வேறு சுவரில் விழுந்துகொண்டிருந்தது. பெரியவர் கண்ணில் குறை இல்லை. மாணவி சொல்லிலும் குறை இல்லை. இருவரும் வேறு வேறு திரைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டனர்.

பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் இவ்விடர் இவ்வளவாக வெளிப்படவில்லை. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொணர்ந்த வி.ஜி.ஏ. முறையின் 640-க்கு 480-ஐயும், பின்வந்த 800-க்கு 600-ஐயும், 1024-க்கு 768-ஐயும் ஒரே குழாய் ஓரளவு நன்றாகவே காட்டும். எலெக்ட்ரான் கற்றை கோடு கோடாகத் தீட்டும் படம் ஆதலின் அது நெகிழ்ந்து கொடுத்தது. இன்றைய தட்டைத் திரைக்கும் படவீழ்த்திக்கும் புள்ளிகள் பிறவியிலேயே எண்ணி வைக்கப்பட்டவை. அவ்வெண்ணிக்கையே அதன் இயற்பிரிதிறன். அதற்கு மாறாக எதை அனுப்பினாலும் திரை தானே ஒடுக்கியோ நீட்டியோ காட்டும். அப்போது முதலில் அடிபடுவது மெல்லிய கோடும் தனிப்புள்ளியுமே.

இங்கு ஒரு தவறான பழக்கத்தைச் சுட்ட வேண்டும். எழுத்துச் சிறிதாக இருக்கிறது என்று கண் மங்கிய எம்மைப் போன்றோர் பிரிதிறனைக் குறைத்துவிடுகிறோம். எழுத்துப் பெரிதாகிறது உண்மை. ஆனால் கலங்கிய நீரில் கண்ட முகம் போல் ஆகிறது. பிரிதிறனை இயற்கையளவிலேயே விட்டுவிட்டு, 'ஸ்கேல்' என்னும் பெருக்க அளவை 125 அல்லது 150 விழுக்காடாக ஆக்குவதே முறை. அவ்வாறு செய்தால் கணினி எழுத்தை மிகுதியான புள்ளிகளைக் கொண்டு புதிதாக வரைகிறது. விண்டோஸ் 8.1 வெளிவந்த 2013 முதல் திரைதோறும் வேறு வேறு பெருக்க அளவு வைக்கவும் இடமுண்டு. ஆயின் பழைய தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள்கள் இவ்வசதியை அறியாதன. அவற்றைக் கணினி 96 புள்ளிக் கணக்கில் வரைந்து, பின் படமாக நீட்டிக் காட்டுகிறது. ஆகவே எழுத்து மங்குகிறது. அம்மென்பொருளின் பண்புப் பக்கத்தில் 'கம்பாட்டிபிலிட்டி' என்னும் பிரிவில் பெருக்கத்தை மென்பொருளுக்கே விட்டுவிடும் தெரிவு உண்டு. அதைக் குறித்தால் எழுத்துச் சிறிதாயினும் கூர்மையாகும்.

இனி, இரு திரைகளை ஆளும் முறை. 1987-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் 2 கணினியிலேயே பல திரைகளை இணைக்க முடிந்தது. விண்டோஸ் 98 அதனைப் பரவலாக்கியது. விண்டோஸ் 7 முதல், விண்டோஸ் விசையையும் பி என்னும் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட மேசை, இரண்டாம் திரை மட்டும். இவற்றுள் மூன்றாவதாகிய 'எக்ஸ்டெண்ட்' முறையில்தான் ஒவ்வொரு திரைக்கும் அதனதன் இயற்பிரிதிறனைத் தனித்தனியே கொடுக்க முடியும். ஒரே படம் என்னும் முறையில் இரண்டும் ஓர் அளவுக்குள் அடங்க வேண்டும். எளியதற்காக வலியதோ, வலியதற்காக எளியதோ இழக்க வேண்டியதே.

திரை தன் இயற்பிரிதிறனைக் கணினிக்குத் தானே அறிவிக்கும் முறையும் உண்டு. 1994-இல் வகுக்கப்பட்ட ஈ.டி.ஐ.டி. என்னும் சிறு தரவுத் தொகுதி ஒவ்வொரு திரைக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும். வடத்தைச் செருகியதும் கணினி அதைப் படித்து, "இவர் யார், எவ்வளவினர்" என அறிந்துகொள்ளும். நீல நிற வி.ஜி.ஏ. வடத்தின் பதினைந்து ஊசிகளில் 12-ஆம் ஊசியும் 15-ஆம் ஊசியும் இதற்கானவை. கூட்ட அரங்குகளில் கூரை வழியே இழுத்துச் சென்ற நெடிய வடங்களில் இவ்வூசிகள் உடைந்தோ வளைந்தோ போயிருப்பதுண்டு. அப்போது படம் வரும், அறிமுகம் வராது. கணினி தானே ஏதோ ஓர் அளவை ஊகித்துக்கொள்ளும். "நேற்று நன்றாகத் தெரிந்ததே" என்னும் புலம்பலுக்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளுள் பலவற்றில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. லினக்சில் இவ்வேலையைச் செய்வது 'எக்ஸ்ரேண்டர்' என்னும் கட்டளை. அதனிடம் கேட்டால், இணைந்துள்ள திரைகளையும் ஒவ்வொன்றும் ஏற்கும் அளவுகளையும் பட்டியலிட்டுக் காட்டும். அறிமுகம் வராத திரைக்கும் அளவை நாமே எழுதிக் கொடுக்கலாம். விண்டோசில் 'அல்ட்ராமான்', 'டிஸ்பிளேஃப்யூஷன்' முதலிய தனி மென்பொருள்கள் உண்டு. அரங்குக்கு ஓர் அமைப்பு, துறைக்கு ஓர் அமைப்பு, வீட்டுக்கு ஓர் அமைப்பு எனத் திரையமைப்புகளைப் பெயரிட்டுச் சேமித்து வைத்து, வேண்டும்போது அழைத்துக்கொள்ளலாம் என்பதே அவற்றின் பெரும்பயன். ஒரே அரங்கில் ஒரே படவீழ்த்தியைக் கையாளுவோர்க்கு அவை தேவையில்லை. இயங்குதளத்தில் உள்ளதே போதும் என்பது எம் கருத்து.

குன்னூரில் எம் உறவினர் இளைஞர் ஒருவர் தேயிலை வணிக அலுவலகத்தில் பணியாற்றுகிறார். தேயிலை ஏலம் மின்னணு ஏலமாகிவிட்டபின், அவர் மேசையில் இரண்டு திரைகள். ஒன்றில் தேயிலை வகைகளின் பட்டியல். மற்றொன்றில் ஏறிக்கொண்டிருக்கும் விலை. "மாமா, ஒரே திரையில மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருந்தா அதுக்குள்ள லாட்டு போயிடும்" என்றார். அதைக் கேட்டபோதுதான் சுவடிப் பதிப்புக்கு இது எத்துணைப் பொருந்தும் என்பது எமக்கு உறைத்தது. ஒரு திரையில் ஏட்டின் ஒளிப்படம், மறுதிரையில் நாம் படியெடுக்கும் பாடம். மூன்றாம் திரை கிடைத்தால் வேறொரு படியும். பாடபேதம் காண்பவர்க்கு இதனினும் வேறு வரம் வேண்டுமோ?

அன்றியும், ஓலையின் வடிவமே இரட்டைத் திரைக்கென அமைந்தது போன்றது. 40 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் ஏட்டை எடுத்துக்கொள்வோம். 1920 புள்ளி அகலமுள்ள ஒரே திரையில் அதை முழுதாகக் காட்டினால் சென்டிமீட்டருக்கு 48 புள்ளி கிடைக்கும். 4 மில்லிமீட்டர் எழுத்துக்கு 19 புள்ளி. இரு திரைகளை அடுத்தடுத்து வைத்து நீட்டினால் இரு மடங்கு. எழுத்தாணிக் கீறலா, பூச்சி அரித்த துளையா என ஐயுறும் இடத்தில் இவ்விரு மடங்கு பெரிதும் உதவும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவற்றில் காணும் சுவடிப் படங்களை மாணவர் இவ்வாறு பார்த்துப் பழகுக. ஓர் எச்சரிக்கை: இரு திரைகளும் ஒரே பிரிதிறன் உடையனவாக இருத்தல் நன்று. ஒன்று 1366, மற்றொன்று 1920 எனில், ஓலை நடுவே முறிந்து, ஒரு பாதி பெரிதும் மறுபாதி சிறிதுமாகத் தோன்றும். திரையமைப்புப் பக்கத்தில் 1, 2 என எண்ணிட்ட இரு கட்டங்கள் தெரியும். அவற்றை மேசையில் திரைகள் நிற்கும் வரிசைக்கும் உயரத்துக்கும் ஏற்ப இழுத்து வைத்தல் வேண்டும். இதைச் செய்யாதவர், வலப்பக்கம் செல்ல வேண்டிய சுட்டி இடச்சுவரில் முட்டி நிற்பதைக் கண்டு கணினியைப் பழிப்பர். யாமும் பழித்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டு அதே மாணவியை, அதே பொருள் பற்றி எம் துறை அரங்கில் பேச அழைத்தோம். முந்தைய நிகழ்ச்சியில் நேர்ந்த பிழை எம்முடையது என்பதைத் தொடக்கத்திலேயே அவை அறியக் கூறினோம். படவீழ்த்தியை நீட்டித்த இரண்டாம் திரையாக்கி அதன் இயற்பிரிதிறனைக் கொடுத்திருந்தோம். பட்டியல் 28 பாயிண்டுக்கு உயர்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் ஆறு சொற்களுக்கு மேல் இல்லை. நிகழ்ச்சி தொடங்கும்முன் மாணவி தாமே ஒரு சோதனைப் பக்கத்தைச் சுவரில் இட்டார். அதில் ண, ன, ந, ழு, ளு, ஃ என்பனவும், கல், கல என்பனவும் இருந்தன. பின் அரங்கின் கடைசி வரிசைக்கு நடந்து சென்று, அங்கிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ளுகரம் சற்றுத் திட்டாகத் தெரிகிறது என்றார். எழுத்தை 32 பாயிண்டாக்கிய பின்னரே மேடைக்கு வந்தார்.